மண்ணைப் பார்க்காமல் ஃபார்மட்டைத் திட்டாதீங்க

டர்ட் டிராக் ரேஸ், அதாவது மண் வட்டப் பாதையில் நடக்கும் ரேஸ், பார்க்கிற ஆட்கள் நம்ம ஊரில் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேருக்குள்ளேயும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு டிராக் சரியில்லை. இன்னொரு கட்சிக்கு ஃபார்மட், அதாவது ரேஸை நடத்தும் முறை, சரியில்லை. வேகமான வண்டியை ஏன் பின்னால் நிறுத்துகிறார்கள், தேறாதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பாக பி மெயின் எதற்கு, ஏன் இப்படி விடிய விடிய இழுக்கிறார்கள் என்று ஒரே புலம்பல். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபார்மட் நல்லதா கெட்டதா என்பதை அன்றைக்கு ராத்திரி மண் இருக்கிற இருப்புதான் முடிவு செய்கிறது. மண்ணை விட்டுவிட்டு ஃபார்மட்டை மட்டும் பேசுவது வெட்டிப் பேச்சு.

அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி ஓடுவது நமக்கு ஞாயிறு விடியற்காலை. திருவொற்றியூர் தேரடி பக்கம் ஒரு டீக்கடையில் பிஸ்கட் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, ஒரே எடத்துல சுத்தினு கீறானுங்க, எங்கயும் போவலையா?" என்றார். நியாயமான கேள்விதான். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் கொஞ்சம் சொல்கிறேன்.

ஸ்பிரின்ட் கார் என்பது சுமார் 900 குதிரைத்திறன் எஞ்சினை ஒரு கம்பிக் கூண்டுக்குள் வைத்து, தலைக்கு மேல் பெரிய தகட்டு இறக்கை ஒன்றை மாட்டிய வண்டி. ஓட்டுநரோடு சேர்த்தே எடை ஏறத்தாழ 650 கிலோதான். செல்ஃப் கிடையாது, பின்னாலிருந்து வேறொரு வண்டி முட்டித் தள்ளித்தான் ஸ்டார்ட் ஆகும். பின்பக்க வலது டயர் இடது டயரைவிடப் பெரிது, ஏனென்றால் வண்டி இடது பக்கம் மட்டும்தான் திரும்பப் போகிறது. திருப்பத்தில் வண்டி இடதுபக்கம் பார்க்க, முன்சக்கரம் வலதுபக்கம் பார்க்கும். இவ்வளவையும் தாங்குவது தார் இல்லை, களிமண்.

அந்தக் களிமண் ஒரே ராத்திரியில் நாலு விதமாக மாறும். சாயங்காலம் ஈரமாக, ஒட்டும் பதத்தில் இருக்கும். வண்டிகள் மெதுவாகச் சுற்றி மண்ணை அழுத்தி இறுக்கிய பிறகு நேரச் சோதனைக்குக் கடிகாரத்தைத் திறப்பார்கள். அப்போது வருவதுதான் வேகமான நேரம். ஹீட் என்கிற சின்னத் தகுதி ரேஸ் வரும்போது உள் ஓரம் காய்ந்து பளபளவென்று வழுக்க ஆரம்பிக்கும், தளர்ந்த ஈரமண் எல்லாம் வெளிப்பக்கம் ஒதுங்கி ஒரு வரப்பு மாதிரி நிற்கும். அதைத்தான் குஷன் என்கிறார்கள். துணிச்சல் உள்ளவன் வலது பின்டயரை அந்த வரப்பில் முட்டக் கொடுத்து முழு வேகத்தில் போவான். கொஞ்சம் தவறினால் சுவர். பொறுமை உள்ளவன் கீழே வழுக்கலில் மெல்ல மிதித்து, சின்ன வட்டமாக வருவான். இரண்டு பேரும் திருப்பத்தின் வாயில் ஒன்றாக வந்து சேர்வார்கள் பாருங்கள், அதற்காகத்தான் நான் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு நிலை உண்டு. மண் சுத்தமாகக் காய்ந்து கல் மாதிரி ஆகிவிட்டால் டயர் ரப்பர் தேய்ந்து ஒரு கறுப்புப் பட்டையாகப் படியும். அந்தப் பட்டையில்தான் பிடிப்பு. எல்லா வண்டியும் அதிலேயே வரிசை கட்டும். வெளியே ஒரு அடி போனால் நாலு இடம் போச்சு. முன்னால் நிற்பவன் ஜெயிப்பான், மிச்சப் பேர் ஊர்வலம் போவார்கள். போதாக்குறைக்கு அந்தப் பட்டையில் டயர் சரசரவென்று தேய்ந்து வெடிக்கும், முன்னால் போகிறவனும் பயந்துகொண்டே போவான். "இதுக்கா நாலு மணிக்கு எழுந்தோம்" என்று திட்டுவது இந்த மாதிரி நாளில்தான்.

இப்போது ஃபார்மட்டுக்கு வருவோம். வழக்கமான வரிசை இது: நேரச் சோதனை, அப்புறம் ஹீட், ஹீட்டில் தேறாதவர்களுக்கு பி மெயின், கடைசியில் இறுதி ரேஸான ஏ மெயின். சில இடங்களில் நேரச் சோதனையில் முதல் வந்தவரை ஹீட்டின் முதலில் நிறுத்துவார்கள். சில இடங்களில் தலைகீழாகத் திருப்பிப் பின்னால் போடுவார்கள். அயோவா மாநிலத்தில் 1961 முதல் நடக்கும் நாக்ஸ்வில் நேஷனல்ஸ் போட்டியின் தகுதி ராத்திரிகளில் இந்தத் தலைகீழ் முறைதான் உயிர். வேகமானவன் பின்வரிசையிலிருந்து முண்டியடித்து வந்தால்தான் நேராக ஏ மெயினுக்குள் நுழைய முடியும்.

"வேகமா ஓட்டினதுக்குத் தண்டனையா?" என்று கேட்கிறார்கள். கேள்வி சரி மாதிரி தெரியும். ஆனால் நேரச் சோதனையே நியாயமானதா? முதலில் போகிறவனுக்கு ஈர மண், கடைசியில் போகிறவனுக்குக் காய்ந்த மண். எந்த நம்பர் சீட்டு எடுத்தான் என்பதில் பாதி விதி முடிந்துவிடுகிறது. இதைச் சரிக்கட்டத்தான் சில அமைப்பாளர்கள் வண்டிகளைக் குழுக்களாகப் பிரித்து, அந்தந்தக் குழுவுக்குள் மட்டும் நேரத்தை ஒப்பிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. அப்படிப் பிரிக்காத இடத்தில் தலைகீழ் முறை சீட்டு அதிர்ஷ்டத்தையும் கொஞ்சம் கழித்துவிடுகிறது. ஆகவே நான் தலைகீழ் முறைக் கட்சிதான்.

ஆனால் ஒன்று. டிராக்கில் இரண்டு வழி இருந்தால்தான் அந்தக் கட்சி. ஒற்றைப் பட்டையாகக் காய்ந்துபோன டிராக்கில் வேகமானவனைக் கொண்டுபோய் எட்டாவதாக நிறுத்தினால் அவன் எப்படி முந்துவான்? எட்டுப் பத்து சுற்றில் ஹீட் முடிந்துவிடும். அவன் பி மெயினுக்குப் போவான், டிக்கெட் வாங்கியவன் கையைப் பிசைவான். அன்றைக்குத் திட்டுகிறவர்கள் திட்டுவது நியாயம், ஆனால் ஃபார்மட்டைத் திட்டுகிறார்கள், தண்ணி லாரிக்காரரை விட்டுவிடுகிறார்கள்.

தண்ணி என்றதும் சும்மா லாரியை ஓட்டி மேலாக நனைப்பது என்று நினைக்க வேண்டாம். மேலே நனைத்தால் முதல் அரைமணி சேறு, அடுத்த அரைமணி புழுதி. ஈரம் ஆழத்தில் இருக்க வேண்டும். நாள் கணக்காக உழுது, நனைத்து, உருளை ஓட்டி இறுக்க வேண்டும். ஈரத்தைப் பிடித்து வைக்கக் கால்சியம் குளோரைடு கலப்பதும் உண்டு. வெயில், காற்று, மண்ணில் மணல் எவ்வளவு, அன்றைக்கு எத்தனை வண்டி என்று எல்லாம் கணக்கு. இந்த வேலையைச் செய்கிறவர் பெயர் ஒரு போஸ்டரிலும் வராது.

இதற்கு நல்ல சாட்சி பிரிஸ்டல். டென்னசியில் உள்ள அந்த அரை மைல் கான்கிரீட் டிராக்கின் மேல் 2021ல் மண்ணைக் கொட்டி, அமெரிக்காவின் பெரிய கார் ரேஸ் தொடரான நாஸ்கார் கப் ரேஸ் நடத்தினார்கள். 1970க்குப் பிறகு மண்ணில் நடந்த முதல் கப் ரேஸ். ஃபார்மட் அருமையாக யோசித்திருந்தார்கள்: சீட்டுக் குலுக்கி இடம், ஹீட்டில் முந்தினால் அதற்குத் தனிப் புள்ளி. என்ன ஆச்சு? மழை. மண் சேறாகி வண்டிகளின் முன் கண்ணாடியை அப்பிக்கொண்டது. ஹீட்டே ரத்து. ரேஸைத் திங்கட்கிழமை பகலில் வைத்தார்கள், வெயிலில் மண் காய்ந்து புழுதி கிளம்பியது, முன்னால் போகிற வண்டியே தெரியவில்லை. நடுவில் விதியை மாற்றி ஒற்றை வரிசையில் ரீஸ்டார்ட் கொடுத்தார்கள். அடுத்த வருடம் ராத்திரிக்கு மாற்றினார்கள், பார்க்கும்படி இருந்தது. 2024ல் மண்ணே வேண்டாம் என்று கான்கிரீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். காகிதத்தில் எவ்வளவு நல்ல விதி எழுதினாலும் மண் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவ்வளவுதான். (ஸ்பிரின்ட் கார்களில் முன் கண்ணாடியே கிடையாது, ஹெல்மெட்டில் படலம் படலமாக ஒட்டியிருப்பதை ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டுக்கொண்டே போவார்கள். கண்ணாடி வைத்த கனமான வண்டியை மண்ணில் இறக்கியதே தப்பு என்பது தனிக் கதை.)

ரொம்ப நேரம் இழுக்கிறது என்கிற புகாரில் எனக்குப் பாதி உடன்பாடு. ஒக்லஹோமாவின் டல்சாவில் ஜனவரியில் கட்டடத்துக்குள் நடக்கும் சில்லி பவுல் மிட்ஜெட் (ஸ்பிரின்ட் காரைவிடச் சின்ன வண்டி) ரேஸுக்கு 300க்கு மேல் வண்டி வரும் வருடங்கள் உண்டு. ஏ, பி, சி என்று எழுத்து கீழே இறங்கிக்கொண்டே போகும். கடைசி எழுத்தில் இருப்பவன் ஒவ்வொரு மெயினாகத் தேறி மேலே ஏறலாம். எங்கள் பக்கம் லைட் போட்டு விடிய விடிய நடக்கும் கபடி டோர்னமென்ட் மாதிரிதான். பேர் தெரியாத டீம் ஒன்று நாலு மேட்ச் ஜெயித்துக் காலிறுதிக்கு வந்தால் ஊரே அவர்கள் பக்கம் சாயும். அது இழுவை இல்லை, அதுதான் விருந்து. ஆனால் சாதாரண வார ரேஸில் மூன்று வகை வண்டியைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஹீட் வைத்து, முக்கிய ரேஸை நடுராத்திரிக்குத் தள்ளுவது கொடுமை. ஏன் தெரியுமா? நேரம் போகிறது என்பது சின்ன விஷயம். ஓடுகிற ஒவ்வொரு வண்டியும் ஈரத்தைக் குடித்துவிடுகிறது. கடைசி ரேஸுக்கு எலும்புதான் மிச்சம்.

நம்ம பக்கத்துக்கும் மண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: என்ஃபீல்ட் 1955ல் வேரூன்றியது இதே திருவொற்றியூரில்தான். அந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனி தன் 650 எஞ்சினை வைத்து ஒரு ஃபிளாட் டிராக் பைக் செய்து அமெரிக்காவின் மண் வட்டங்களில் ஓட்டியது. வட்டப் பாதையில் ஓடும் அந்தப் பைக்குகளுக்கு முன் பிரேக்கே கிடையாது, இடது காலில் இரும்புத் தகடு மாட்டித் தரையில் தேய்த்துத் திரும்புவார்கள். எம்.ஆர்.எஃப் பலூன் தயாரிப்பாக 1946ல் ஆரம்பித்ததும் இங்கேதான். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்த பெரியவர்கள் இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். 1990ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது, 2024ல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 ராத்திரி ரேஸும் பார்த்துவிட்டோம். செங்குன்றம் தாண்டி ஒரு கால் மைல் மண் வட்டம் போட ஸ்ட்ரீட் சர்க்யூட் செலவெல்லாம் ஆகாது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ராத்திரி வீலிங் விடுகிற பசங்களை அங்கே ஹெல்மெட்டோடு இறக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, யார் செய்வார்கள்?

சரி, என் ஓட்டு எதற்கு? ஏ மெயினுக்கு முன் இருபது நிமிடம் நிறுத்தி, டிராக்டரை இறக்கி, மேல் மண்ணைக் கீறி, தண்ணி விடட்டும். அந்த இடைவெளியில் கூட்டம் கத்தும், ஒளிபரப்பில் விளம்பரமாகப் போட்டுத் தள்ளுவார்கள். பரவாயில்லை, கத்தட்டும். அப்படிச் செய்கிற இடத்தில் எத்தனை பேரைத் தலைகீழாகத் திருப்பினாலும் எனக்குச் சம்மதம். செய்ய முடியாது என்றால் நேர வரிசையிலேயே நிறுத்திவிட்டு, ஹீட்டைக் குறைத்து, ஒன்பது மணிக்குள் ஏ மெயினை முடித்து அனுப்பட்டும்.