எஸ்டிமேட்டில் ஒரு எக்ஸ்பயறி டேட்

“என்ன தங்கச்சி இது, பால்மா பக்கெட்டா? எக்ஸ்பயறி டேட் எல்லாம் போட்டிரிக்கீங்க!”

போன ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு ஊறணியில், ஒரு கல்யாண வீட்டு விறாந்தையில் வைத்துப் பெண்ணின் தாய்மாமன் இப்படிக் கேட்டார். சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும்தான். வீட்டு இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறவள் நான்; எஸ்டிமேட்டின் அடியில் எப்போதும் எழுதுகிற வரி அது: “பலகை, அலுமினியம், பிணைச்சல் விலைகள் இன்றிலிருந்து 7 நாட்களுக்கு மட்டும்.” சிரிப்பு அடங்கிய பிறகு அவர் சொன்னதுதான் குத்தியது. “வாக்கு எண்டா வாக்குத்தானே. எங்கட அப்பாட காலத்தில ஓடாவி வாயால சொன்னதுதான் வில. கடதாசியே இல்ல.” (ஓடாவி என்றால் எங்கள் பக்கத்தில் தச்சர்.)

அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது. பதில் தொண்டையிலேயே நின்றது. இங்கே சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழர், முஸ்லிம் இரண்டு பக்கமும் பெரும்பாலும் இதுதான் வழமை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அதனால் இங்கே பென்ட்ரி (குசினிப் பெட்டிகள்), சீலிங், அலுமாரி என்று வருகிற வேலையில் முக்கால்வாசி கல்யாண வேலை. கொழும்பில் இன்டீரியர் என்றால் ரசனை, இங்கே அது ஒரு திகதி. நாள் பார்த்துக் குறித்த கல்யாணம் நகராது. டொலர் நகரும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் 2014இலிருந்து என் தொழில் நடக்கிறது.

2022 பெப்ரவரியில் கல்லடியில் ஒரு வீட்டு வேலை எடுத்தேன். ஹோலுக்குச் சீலிங், இரண்டு அலுமாரி, ஒரு பென்ட்ரி. 9 லட்சத்து 40 ஆயிரம் என்று பேச்சு, முற்பணம் 3 லட்சம். காசு தருகிறவர் சுவிஸில் இருக்கிற அண்ணன். வட்ஸ்அப் வீடியோவில் ஒவ்வொரு இழுப்பறையாகப் பார்த்துத்தான் சரி சொன்னார். தங்கச்சியின் கல்யாணம் ஜூனில்.

இந்த இடத்தில் என் பிழையை ஒத்துக்கொள்கிறேன். அந்த 3 லட்சத்துக்கு உடனே பலகை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. முந்தின வேலையின் கடனை அதில் கட்டினேன். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், நாங்கள் எல்லோரும் முற்பணத்தைச் சுழற்றுகிறவர்கள்தான். ஒரு வீட்டுக் காசில் இன்னொரு வீடு எழும்பும். விலை அசையாமல் நிற்கும்வரை அது கெட்டித்தனம் மாதிரித்தான் தெரியும்.

மார்ச் 7ஆம் திகதிக்குப் பிறகு ரூபாயை மிதக்க விட்டார்கள். 200ஐ ஒட்டி நின்ற டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. மெலமைன் போர்ட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்கிற பலகை), பிணைச்சல், ஸ்லைட் எல்லாம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிற சாமான். காத்தான்குடியில் நான் வழமையாக எடுக்கிற கடை ஹாஜியார் கடன் கொப்பியை மூடி மேசைக்குள் வைத்தார். “மகள், இண்டைக்கி வில இண்டைக்கித்தான். நாளைக்கி வில அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.” ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது. ஓவர்ட்ராஃப்டை நம்பியிருந்தவர்கள் அன்றைக்கே படுத்தார்கள்.

சுவிஸுக்குக் கோல் எடுத்து நிலைமையைச் சொன்னேன். “அக்கா, நீங்க சொன்ன வில 9.4தானே” என்றார். பிழை சொல்ல முடியாது, சொன்னேன்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். அதே கிழமைகளில் அவருடைய பிராங்குக்கு இங்கே ஒன்றரை மடங்குக்கு மேல் ரூபாய் கிடைத்தது. அவருக்கு வீடு மலிந்துகொண்டு போனது, எனக்கு ஏறிக்கொண்டு போனது. இரண்டும் ஒரே கடதாசியில். (அவர் கெட்ட மனிதரில்லை. கல்யாணத்துக்கு வந்தபோது என் மகனுக்கு ஒரு பெட்டி சொக்லட் தந்தார்.)

நான் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். சங்கிலியை அடகு வைத்து வேலையை முடித்தேன். பிறகு கொஞ்ச நாள் ‘நஷ்டப்பட்டாலும் சொன்ன சொல் மாறாதவள்’ என்று ஊரில் பேச்சு. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் அந்த நஷ்டத்தை முழுதாகக் கட்டியது நான் இல்லை.

என் ஓடாவி ஏறாவூர்க்காரர், முஸ்லிம். 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, “வேலைக்கு ஆரைக் கூட்டி வாறீங்க?” என்று கேட்ட வீடுகள் உண்டு. அந்த வருடம் என் கையை விட்டுப் போன வேலைகளில் இரண்டு, அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலால் போனவை. அவருக்கு அது தெரியும். ஒருநாளும் பேசியதில்லை.

2022இல் பெற்றோல் இல்லை. அவர் ஏறாவூரிலிருந்து கல்லடிக்குச் சைக்கிளில் வருவார், தச்சு ஆயுதப் பெட்டியைக் கெரியரில் கட்டிக்கொண்டு. மார்ச் கடைசியில் கரண்ட் வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. மெசினில் அறுக்கிற போர்டைக் கைவாளால் அறுத்தால் ஓரம் பல்லுப் பல்லாகப் பிய்யும். அவர் கோடு போட்ட இடம் முழுக்க டேப் ஒட்டி, அதன்மேல் திரும்பக் கோடு கீறி, சின்னப் பல்லு வாளைச் சரித்துப் பிடித்து அறுப்பார். நான் போனில் லைட் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு கதவுக்கு முக்கால் மணித்தியாலம். டேப்பை உரித்தால் ஓரம் மெசினில் அறுத்தது மாதிரி இருக்கும்.

அந்த மனிதனின் கூலியை நான் இரண்டு மாதம் இழுத்தேன். அவர் கேட்கவில்லை. மகளின் டியூசனை நிறுத்தியதும் வேறு ஆள் சொல்லித்தான் தெரியும். என் ‘வாக்கு’க்கு விலை கொடுத்தது அவர். பெயர் எனக்கு. மாமா சொன்ன அந்தப் பழைய காலத்து ஓடாவிக்கு ஊர்க்காட்டு முதிரையும் தேக்கும்தான் மரம். விலை அவர் கைக்குள் இருந்தது, அதனால் வாயால் சொன்னார். என் பலகை கப்பலில் வருகிறது. கப்பல்காரன் விலைக்கு நான் எந்த வாயால் வாக்குக் கொடுக்கிறது?

அதற்குப் பிறகு எஸ்டிமேட்டை இரண்டாகப் பிரித்தேன். ஒன்று கூலி. பேசினால் பேசியதுதான், உலகம் புரண்டாலும் மாறாது. மற்றது சாமான், 7 நாள். முற்பணம் வந்த அன்றைக்கே பலகை எடுத்து, வீட்டுக்காரர் பெயரில் பில் போட்டு, அவர்கள் ஹோலிலேயே அடுக்கிவிடுவேன். நடந்து போக இடமில்லை என்று ஏசுவார்கள். ஏசட்டும். டித்வா புயலில் பாதைகள் அறுந்து கொழும்பு லொறி வராமல் நின்றபோதும் இரண்டு வீட்டு வேலை நிற்காமல் நடந்தது அந்த அடுக்கால்தான்.

வற் (பெறுமதி சேர் வரி) பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் அது 18 சதவீதமானது. “நீங்க வற் பதியல்லயே, ஏன் விலை கூடுது?” என்று கேட்பார்கள். பதியாத சின்ன ஆளுக்குத்தான் அது அடி. கடையில் கொடுத்த வற்றைத் திருப்பி எடுக்க வழியில்லை, அப்படியே விலைக்குள் போய்ச் சேரும்.

எல்லா வாடிக்கையாளரும் சுவிஸ் அண்ணன் இல்லை, அதுவும் தெரியும். கட்டாரில் இருந்துகொண்டு மாதம் மாதம் கொஞ்சமாக அனுப்புகிற பிள்ளைக்கு ஏறி இறங்குகிற விலை பயம். அவர்களிடம் முழுப் பென்ட்ரி செய்யாதீர்கள் என்று நானே சொல்லுவேன். இந்த வருடம் மேசைத்தட்டும் பெட்டியும். கதவு அடுத்த வருடம். அதுவரை கீழே மருதமுனைக் கைத்தறித் துணியில் திரை. என் வீட்டில் மூன்று வருடமாக அந்தத் திரைதான், இனிக் கதவு போடுகிற எண்ணமும் இல்லை.

இவ்வளவு ஆட்டத்துக்குள்ளும் டிசைன் என்று நான் கற்றுக்கொண்டது, மறுகா மறுகா அதே வீடுகளுக்குப் போனதால்தான். அந்தக் கல்லடி வீட்டில் அண்ணன் இணையத்தில் பார்த்து ஓப்பன் கிச்சின் கேட்டார். புகைக்கு இடமே இல்லாத வெள்ளைக் குசினி. காஸ் தட்டுப்பாடான நாளில் போனால், அம்மா பின் வளவில் பழைய தகரத்தைச் சாய்த்து, மூன்று கல் வைத்து, மாங்காய் போட்ட மீன்குழம்பை ஊதிக்கொண்டிருக்கிறார். உள்ளே என் கிரனைட் பளபளக்கிறது. அன்றிலிருந்து பின்பக்கம் விறகடுப்புக்கு ஒரு இடமும் புகைக்கூண்டும் இல்லாமல் நான் குசினி கீறுவதில்லை. இளம் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். அம்மாமார் என் பக்கம்.

எம்டிஎஃப்பும் அப்படித்தான். மாரியில் இரண்டு கிழமை நிலம் காயாத ஊரில் அதை நிலத்தில் முட்ட வைத்தால் பாணை ரீயில் தோய்த்த மாதிரி ஊதும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கீழ்ப்பெட்டிக்கு அலுமினியம், அதுவும் காலில் தூக்கி. கடலோர வீடென்றால் மலிவுப் பிணைச்சல் இரண்டு வருடத்தில் துரு பிடித்துக் கத்தும். இதையெல்லாம் எழுதிக் கொடுத்தால் எஸ்டிமேட் கூடித்தான் வரும். பக்கத்து ஆள் 2 லட்சம் குறைவாகக் கொடுப்பார். கொடுக்கட்டும், நான் ரிப்பேருக்குப் போகிற வீடுகளில் பாதி அவை.

பகிடிக்குச் சொல்லவில்லை. 2020 ஊரடங்கிலிருந்து 2023 வரை என் கடையைத் திறந்து வைத்தது புது வீடுகள் இல்லை. கழன்ற பிணைச்சல், ஊதிய அடிப்பலகை, எலி கடித்த பின்தட்டு. 1,500 ரூபாய் வேலைக்குப் போகிறாயே என்று கேட்டவர்கள் ஷோரூம் போட்டார்கள். அதில் ஒன்றில் இப்போது பார்மசி.

ஊறணி மாமாவின் எஸ்டிமேட்டுக்கு இன்றைக்கு ஐந்தாம் நாள். காலையில் ஹாஜியார் கோல் எடுத்தார். புது லோட் இறங்கியிருக்கிறதாம், 18 மில்லிமீட்டர் வெள்ளைப் போர்ட் ஒன்றுக்கு 350 ரூபாய் குறைவாம். அந்த வீட்டுக்கு 22 போர்ட். 7,700 ரூபாய். எஸ்டிமேட்டில் எழுதின அந்த வாசகம் விலை இறங்கினாலும் செல்லும் என்று சொல்ல மாமாவுக்கு எடுத்தேன்.

“இரிங்க தங்கச்சி, மறுகா எடுக்கிறன்” என்று வைத்துவிட்டார். நினைத்திருப்பார், விலை கூட்டத்தான் எடுக்கிறாள் என்று.