25 ஆண்டு என்பது சோலார் பேனலின் ஆயுள் அன்று
"25 ஆண்டு முடிந்ததும் சோலார் பேனல் வெறும் கண்ணாடிதான், கழற்றி எறிய வேண்டியதுதான்" என்று ஒருவர் எழுதியிருப்பது, உத்தரவாதக் காலத்தையே ஆயுட்காலமாக எடுத்துக்கொண்டதால் வந்த பிழை. தயாரிப்பாளர்கள் பரவலாகத் தரும் 25 ஆண்டுச் செயல்திறன் உத்தரவாதம், அக்காலத்தின் முடிவிலும் பேனலின் தொடக்கத் திறனில் ஏறத்தாழ 80 விழுக்காடாவது கிடைக்கும் என்பதற்கான உறுதி. அந்நாளோடு பேனல் நின்றுவிடும் என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. ஆண்டுக்கு அரை விழுக்காடு என்ற வழக்கமான தேய்மானத்தில், 30 ஆண்டுகளுக்குப் பிறகும் 85 விழுக்காட்டை ஒட்டிய திறன் மிஞ்சியிருக்கும்.

ஆனால் எல்லாப் பேனல்களும் அந்த வேகத்தில்தான் தேயும் என்று நம்பிவிடக் கூடாது. கூரையோடு ஒட்டிப் பொருத்தி, அடியில் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடாவிட்டால், வெப்பம் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் படலத்தைப் பழுப்பேற்றும்; ஓரங்கள் வழியே ஈரம் புகுந்தால் உலோக இணைப்புகள் அரிக்கும். சுத்தம் செய்வதற்காகப் பேனல்மீதே ஏறி நடப்பதை நான் குறிப்பாக எச்சரிக்க விரும்புகிறேன், ஏனெனில் அதனால் மின்சாரம் உண்டாக்கும் சிலிக்கான் வில்லைகளில் விழும் நுண்விரிசல்கள் கண்ணுக்குத் தெரியாமலேயே ஆண்டுக்காண்டு பெருகுகின்றன. ஒரே பகுதியில் நாள்தோறும் விழும் மரநிழலும் அவ்விடத்தைச் சூடேற்றிப் பழுதாக்கக்கூடும்.

உற்பத்தி திடீரென்று சரிந்தால், பேனலைக் கழற்றும் முன், பேனலின் மின்சாரத்தை வீட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் கருவியான இன்வெர்ட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகளில் மாற்ற வேண்டிவருவது அதுதான்.