ஸ்லோ மோஷன்ல எதைக் காட்டுறீங்க?

ஆடியோ லாஞ்ச் வீடியோன்னு தொறந்தா, விழாவுக்கு வந்த நடிகை பேசினது ஒரு வார்த்தை இல்ல, கார்ல இருந்து எறங்குறாங்க, குனியுறாங்க, சேலையை இழுத்து விடுறாங்க, அந்த ரெண்டு செகண்டை ஜூம் பண்ணி ஸ்லோ மோஷன்ல திரும்பத் திரும்ப ஓட்டுறான், தம்ப்நெயில்ல செவப்பு வட்டம் வேற. கேமரா எங்க போகுதுன்னு தெரிஞ்சுதான்யா அவங்க சேலையையே சரி பண்றாங்க! கீழ கமெண்ட்டைப் படிச்சா வயிறு எரியுது.

2023 நவம்பர்ல ராஷ்மிகா மந்தனா டீப்ஃபேக் வந்துச்சுல்ல, வேற ஒரு பொண்ணு போட்ட வீடியோல AI வச்சு இவங்க மூஞ்சியை ஒட்டினது. பண்ணவனை 2024 ஜனவரில டெல்லி போலீஸ் புடிச்சப்போ, ராஷ்மிகா பேர்ல நடத்துன ஃபேன் பேஜுக்கு ஃபாலோயர் ஏத்தத்தான் பண்ணான்னு சொன்னாங்க. ரசிகன் பண்ற வேலையா இது? ராஷ்மிகாவுக்காக எல்லாரும் பேசினாங்க, பேசணும்தான், ஆனா யாரோட உடம்புல அந்த மூஞ்சியை ஒட்டினானோ அந்தப் பொண்ணைப் பத்தி எத்தனை பேர் யோசிச்சோம்?

இந்த ஸ்லோ மோஷன் வீடியோவை ரிப்போர்ட் அடிச்சா விதிமுறையை மீறலைன்னு பதில் வருது, மறுநாளே அதே சேனல்ல இருந்து அடுத்த வீடியோவை என் ஃபீட்லயே கொண்டாந்து நிறுத்துறாங்க, எரிச்சலா வருது.