ஊர் திரும்பும் முதியோரை வாள்வெட்டுக் குழுக்கள் தேடுகின்றனவா? உண்மை விளக்கம்

“ஓய்வு காலத்தைக் கழிக்க யாழ்ப்பாணம் வரும் வெளிநாட்டுத் தமிழரை வாள்வெட்டுக் குழுக்கள் தேடிப்பிடித்து வெட்டுகின்றன, பொலிஸில் தமிழில் முறையிடவும் முடியாது” என்றொரு செய்தி வட்ஸ்அப்பில் சுற்றுகின்றது. இரண்டு கூற்றுகளும் தவறானவை.

வாள்வெட்டு இங்கு நடப்பதை மறைக்க வேண்டியதில்லை. வாள்வெட்டுக் குழுவான ஆவா குழுவின் பெயரைக் கேள்விப்படாதவர் குடாநாட்டில் அரிது. ஆயினும் அச்சம்பவங்களிற் பல, குழுக்களுக்கிடையிலான பழிவாங்கலிலும் தனிப்பட்ட பகையிலும் தொடங்குபவையேயன்றி, முதியவர்களைக் குறிவைத்தவை அல்ல. மொழியைப் பொறுத்தவரை, வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி என அரசியலமைப்பு கூறுவதால், முறைப்பாட்டைத் தமிழில் பதியுமாறு கேட்பது உங்கள் உரிமை.

கவனிக்க வேண்டியவை வேறு. ஆளில்லாத ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழி கேட்பவன், அம்மா கையை நீட்டிக் காட்டுவதற்குள் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விடுவான். என் கணிப்பில் அதைவிடப் பெரிய ஆபத்து காணியில் இருக்கின்றது: நம்பிக் கொடுத்த அற்றோர்ணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்), கள்ள உறுதி (போலிக் காணிப் பத்திரம்), உரிமையாளருக்கு எதிராக 10 ஆண்டுகள் தடையின்றிக் காணியைத் தன் வசம் வைத்திருந்தவர் உரிமை கோர இடமளிக்கும் ஆட்சியுரிமைச் சட்டம் ஆகியவற்றால், வாழ்நாள் உழைப்பில் வாங்கிய வளவு கைமாறிவிடலாம். ஆகவே பயணச்சீட்டு எடுக்குமுன் காணிப் பதிவகத்தில் உங்கள் உறுதியின் பதிவைத் தேடிப் பாருங்கள். வந்தபின் நகையை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119. கட்டணமில்லா அம்புலன்ஸ் 1990.