மூன்று விசில் வரைக்கும் பூதம் நிற்கும்

எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு சண்டை நடக்கும். "சாப்பிட வாடா" என்று நான் கூப்பிடுவேன். "ரெண்டே நிமிஷம்மா, நடுவுல நிறுத்த முடியாது, ஆன்லைன் மேட்ச்" என்று அறைக்குள்ளிருந்து குரல் வரும். அந்த ரெண்டு நிமிஷம் இருபது நிமிஷமாகும். தோசை ஆறி வறட்டியாகும். கடைசியில் நான் போய் வைஃபை ரவுட்டரின் ஸ்விட்சை அணைப்பேன். பதின்மூன்று வயசுப் பையன் இருக்கும் வீடுகளுக்கு இது ஒன்றும் புதுசில்லை.

விஷயம் என்னவென்றால், அதே வீட்டில் நானும் கேம் ஆடுகிறேன். என்னை யாரும் ரெண்டாவது தடவை கூப்பிட வேண்டியதில்லை. குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் எழுந்து போவேன். அடுப்பை அணைத்து, ரசம் தாளித்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால், பூதம் விட்ட இடத்திலேயே நிற்கும். நான் அம்பு விடுவேனா, மந்திரம் போடுவேனா, ஓடிப்போவேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு. டர்ன் பேஸ்டு கேம் என்றால் என்ன என்று ஆபீஸில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இதுதான்: என் முறை வந்துவிட்டால், நான் ஆடும்வரை உலகம் நிற்கும். தாயம், ஆடுபுலி ஆட்டம், செஸ் எல்லாம் இந்த வகையறாதான்.

2025 டிசம்பரில் 'கிளேர் அப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33' ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கியதிலிருந்து, "டர்ன் பேஸ்டு திரும்ப வந்துடுச்சு" என்று ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். திரும்ப வருவதற்கு அது எங்கே போனது? ஆடுகிறவர்கள் நாங்கள் இங்கேயேதான் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். பரிமாற வேண்டியவர்கள்தான் கொஞ்ச காலம் வேறு பந்திக்குப் போய்விட்டார்கள்.

என் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். 2003, 2004 வாக்கில் எங்கள் ஹாஸ்டலில் பத்து அறைக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். சீனியர் அக்கா ஒருவர் சிடியில் கொண்டுவந்த கேம் 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3'. 1999-இல் வந்தது. அதில் ஹாட் சீட் என்று ஒரு வசதி உண்டு, ஒரே கம்ப்யூட்டரில் பல பேர் மாற்றி மாற்றி ஆடலாம். ஒருத்தி ஆடும்போது மற்றவர்கள் திரும்பிச் சுவரைப் பார்க்க வேண்டும், அவள் படை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடக் கூடாதே. நான்கு பேர் ஒரே கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வேர்க்கடலை கொறித்துக்கொண்டே போர் நடத்தியிருக்கிறோம். கேமுக்குள் வாரம் பிறந்ததும் கோட்டையில் புதுப் படை சேரும். அதுவரை பொறுப்பதா, கையில் இருக்கிற படையோடு இப்போதே மோதுவதா என்று யோசிப்பதிலேயே கால்மணி நேரம் போகும். "சீக்கிரம் ஆடுடி" என்று முதுகுக்குப் பின்னால் சத்தம் வரும். ஆனால் சத்தம் போடுகிறவளும் அந்த நேரத்தில் தன் திட்டத்தைத்தான் போட்டுக்கொண்டிருப்பாள். அடுத்தவள் முறை வந்தால் நமக்கு அலுப்பு என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அதற்கப்புறம் பெரிய கம்பெனிகளுக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. 'அடி', 'மந்திரம்', 'மருந்து' என்று பட்டியலைத் திறந்து தேர்ந்தெடுக்கும் ஆட்டமெல்லாம் பழசு. படம் இவ்வளவு தத்ரூபமாக ஆகிவிட்ட காலத்தில் ஆட்கள் வரிசையில் நின்று முறை வைத்து அடித்துக்கொண்டால் சிரிப்பார்கள். இளசுகளுக்குப் பொறுமை கிடையாது. 1987-இல் முறை வைத்து ஆடும் கேமாகத் தொடங்கிய ஃபைனல் ஃபேன்டஸி, 2016-இல் பதினைந்தாம் பாகத்தில் நேரடிச் சண்டைக்கு மாறியது. 2023 ஜூனில் வந்த பதினாறாம் பாகம் முழுக்க வாள்வீச்சு. கட்டளை கொடுத்து ஆடும் சண்டையில் என்ன சுவாரசியம் என்று இளையவர்களுக்குப் புரியவில்லை என்கிற மாதிரி அதன் தயாரிப்பாளர் நவோகி யோஷிடாவும் பேசியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த கேம் முதல் வாரத்திலேயே 30 லட்சம் போனது. ஆனால் அது வெளிவந்த ஆறே வாரத்தில் பால்டர்ஸ் கேட் 3 என்கிற டர்ன் பேஸ்டு கேம் வந்தது.

அதற்குப் போகும் முன் ஒன்று. இந்தப் பேச்சு நடந்த வருஷமெல்லாம் போகிமானை யாரும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. குழந்தை விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டார்கள். 1996-லிருந்து அதன் முக்கிய வரிசை டர்ன் பேஸ்டுதான். 2022 நவம்பரில் வந்த ஸ்கார்லெட், வயலெட் இரண்டும் சேர்ந்து மூன்றே நாளில் ஒரு கோடி பிரதி விற்றன. வாங்கித் தரச்சொல்லி அடம் பிடித்ததெல்லாம் பொறுமையே இல்லாத அதே பிள்ளைகள்தானே? இன்னொரு வேடிக்கை, அடிதடிக்கே பேர்போன யாகுசா கேம் வரிசை 2020-இல் டர்ன் பேஸ்டாக மாறியது. கதாநாயகன் இச்சிபானுக்கு டிராகன் குவெஸ்ட் என்கிற பழைய டர்ன் பேஸ்டு கேம் மேல் பைத்தியம், அதனால் தெருச்சண்டைகூட அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறதாம். இப்படி ஒரு சாக்கு யோசித்தவருக்குக் கோயிலே கட்டலாம்.

சரி, பால்டர்ஸ் கேட் 3. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து லேரியன் ஸ்டுடியோஸ் செய்தது. முந்தைய இரண்டு பாகங்களும் 1998-லும் 2000-த்திலும் வேறு கம்பெனி செய்தவை, அவற்றில் சண்டை ஓடிக்கொண்டே இருக்கும், வேண்டும்போது நிறுத்திக்கொள்ளலாம். லேரியன் அதை முழு டர்ன் பேஸ்டாக மாற்றியபோது பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். 2023 ஆகஸ்டில் வெளியானது. அந்த மாதமே கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் எட்டே முக்கால் லட்சம் பேர் அதை ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி நான். முழு விலை கொடுத்து வாங்கினேன், பல வருஷத்துக்கு அப்புறம் முதல் முறையாக.

எனக்கு அதில் பிடித்தது தாயம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் விதிகள் என்பதால் எதற்கெடுத்தாலும் இருபது முகத் தாயம் உருளும். வாள் வீசினாலும் உருளும், பூட்டைத் திறந்தாலும் உருளும், பொய் சொன்னாலும் உருளும். நம் ஊரில் ஒன்று விழுந்தால் அதுதான் தாயம், கொண்டாட்டம். இங்கே ஒன்று விழுந்தால் எப்பேர்ப்பட்ட கில்லாடியும் தோற்றான். முதல் வாரம் முழுக்க ஒன்று விழும்போதெல்லாம் கை தானாகத் தட்டப் போகும், அப்புறம்தான் நினைவு வரும்.

கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு தோப்பு வரும். ட்ரூயிட்கள் என்கிற காட்டு மந்திரவாதிகள் இருக்கிற இடம். அகதிகளாக வந்த கூட்டத்தில் அரபெல்லா என்று ஒரு சின்னப் பெண். ட்ரூயிட்களுடைய புனிதச் சிலையைத் திருடப்போய் மாட்டிக்கொள்கிறாள். காகா என்கிற ட்ரூயிட் பாம்பை ஏவிவிட்டு அந்தப் பிள்ளையை மிரட்டிக்கொண்டு நிற்கிறாள். நாம் குறுக்கே புகுந்து பேசலாம். நானும் பேசினேன். நல்ல வாயாடிப் பாத்திரமாகத்தான் உருவாக்கி வைத்திருந்தேன். தாயம் உருண்டது. நான்கு. என் திறமைக்கான புள்ளியைக் கூட்டியும் போதவில்லை. பிள்ளை பயந்து ஓடப்பார்த்தாள். பாம்பு கொத்தியது. அவ்வளவுதான்.

முன்னால் சேமித்து வைத்த இடத்தை லோட் செய்து மறுபடி ஆடலாம் என்று கை போனது. அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கிவிட்டது. ஓடிப்போய்த் துடைத்து, மிச்சத்தில் காபி போட்டு எடுத்துவந்தால், திரையில் அந்தப் பெண் கல்தரையில் அப்படியே கிடக்கிறாள். காகா பக்கத்தில் நிற்கிறாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. காபி குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எனக்கு லோட் செய்ய மனசு வரவில்லை. வெளியே வாசலில் அவள் அம்மாவும் அப்பாவும் காத்திருந்தார்கள், போய்ச் சொன்னேன். வேகமாக ஓடுகிற கேமாக இருந்தால் இந்நேரம் அடுத்த சண்டையில் பத்துப் பேரை வெட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

பொறுமை பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு என்ன பெரிய பொறுமை? சிக்னலில் பச்சை விழுந்து ஒரு நொடியில் ஹாரன் அடிக்கிற ஆள்தான் நான். என்னிடம் இல்லாதது முழுசான நேரம். கிடைப்பதெல்லாம் துண்டு துண்டாக: பன்னிரண்டு நிமிஷம், இருபது நிமிஷம், பையன் டியூஷனிலிருந்து வருவதற்குள் ஒரு அரைமணி. அந்தத் துண்டுகளை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்கிற கேம் எதுவோ அது எனக்கு விலைபோகும். பால்டர்ஸ் கேட் 3-ஐ முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. (கடைசி அங்கத்தில் அந்தப் பெரிய நகரத்துக்குள் நுழைந்ததும் என் லேப்டாப் விசிறி மிக்ஸி மாதிரி கத்தியது வேறு கதை.) அந்த கேம் விற்றதற்குக் கதையும் நடிப்பும் காரணமில்லையா என்றால், கண்டிப்பாகக் காரணம்தான். ஆனால் அவ்வளவு கதையைக் காது கொடுத்துக் கேட்க நமக்கு இடம் விட்டது டர்ன்தான்.

இப்போது எக்ஸ்பெடிஷன் 33. ஃபிரான்சின் மோன்பெலியே நகரத்தில் சாண்ட்ஃபால் என்ற சின்ன ஸ்டுடியோ. முன்பு பெரிய கேம் கம்பெனியான யூபிசாஃப்டில் இருந்த கியோம் ப்ரோஷ் தலைமையில் முப்பது பேர் அளவிலான குழு. முப்பதே பேர் என்று எல்லாரும் மெச்சுகிறார்கள், கடைசியில் ஓடுகிற பட்டியலைப் பார்த்தால் வெளியிலிருந்து கைகொடுத்தவர்களும் நிறையத்தான் இருக்கிறார்கள். 2025 ஏப்ரல் 24 அன்று வந்து 33 நாளில் 33 லட்சம் விற்றது. யாரோ ஜோசியம் பார்த்து வைத்த பேர் போல. அக்டோபருக்குள் 50 லட்சம்.

கதையைக் கேட்டால் வயிற்றைப் பிசையும். தூரத்தில் ஒரு பெரிய கல்தூணில் ஓவியக்காரி ஒருத்தி வருஷத்துக்கு ஒருமுறை ஒரு எண் எழுதுவாள். அந்த வயசுக்காரர்கள் எல்லாரும் அன்றைக்கே புகையும் பூவிதழுமாகக் கரைந்துபோவார்கள். வருஷா வருஷம் எண் ஒன்று குறையும். கதை தொடங்கும்போது 33. எனக்கு அந்த வயசு தாண்டி எட்டு வருஷம் ஆகிறது, அந்த ஊரில் நான் எப்போதோ துறைமுகக் காற்றில் போயிருப்பேன். முதல் அரைமணி நேரத்திலேயே கதாநாயகன் குஸ்டாவும் அன்றைக்குக் கரையப்போகிற அவன் பழைய காதலி சோஃபியும் கைகோத்துக்கொண்டு அந்தத் துறைமுகத்துக்கு நடக்கிற நடையைப் பார்த்துவிட்டு, அன்று ராத்திரி வேறு எதுவும் ஆடவில்லை.

ஆனால் ஒரு மனத்தாங்கல் உண்டு. இது சுத்தமான டர்ன் பேஸ்டு இல்லை. என் முறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், சரி. எதிரி அடிக்கும்போது சரியான நொடியில் பட்டனைத் தட்டி விலக வேண்டும், இல்லையென்றால் தடுத்துத் திருப்பி அடிக்க வேண்டும். அந்த எதிரிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை, கையை ஓங்கிவிட்டு வேண்டுமென்றே ஒரு கணம் நிறுத்தி அப்புறம் இறக்குவார்கள். என் விரல் எப்போதும் முந்திக்கொள்ளும். இருப்பதிலேயே சுலபமான நிலையில் வைத்துத்தான் ஆடுகிறேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இனி வருகிறவர்களெல்லாம் இந்த வெற்றியைப் பார்த்துவிட்டு எல்லா டர்ன் பேஸ்டு கேமிலும் பட்டன் தட்டலைப் புகுத்திவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

வியூகப் பக்கத்தில் என் ஆசை, ஒரு நாகரிகத்தைக் காலம் காலமாக வளர்த்து ஆளும் சிவிலைசேஷன் 7 மீது இருந்தது. 2025 பிப்ரவரியில் வந்தது. சோழர்களைத் தனி நாகரிகமாகச் சேர்த்திருக்கிறார்கள், தஞ்சைப் பெருவுடையார் கோயிலைக் கட்டலாம், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்று செப்பேட்டில் வரும் வணிகக் குழுப் பெயரெல்லாம் கட்டடங்களாக வருகின்றன. பார்த்ததும் சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பாகத்தில் தலைவர் வேறு, நாகரிகம் வேறு. வெளியானபோது ராஜராஜனும் இல்லை, ராஜேந்திரனும் இல்லை. நான் பெஞ்சமின் பிராங்க்ளினை வைத்துச் சோழநாட்டை ஆண்டேன். அதுகூடப் பரவாயில்லை. நடுக் காலகட்டம் முடிந்ததும் சோழரை விட்டுவிட்டு வேறு நாகரிகத்துக்கு மாறச் சொன்னது. பார்த்துப் பார்த்து நிறுத்தி வைத்த படையைக் கலைத்துப் போட்டுவிட்டு அடுத்த காலகட்டம் தொடங்கியது. ஆடுபுலி ஆட்டத்தில் புலியை மடக்கப் போகும் நேரம் யாரோ கோட்டை அழித்து மறுபடி வரைந்த மாதிரி. ஸ்டீமில் அதற்குக் கலவையான விமர்சனம் வந்ததில் ஆச்சரியமில்லை. டர்ன் இருந்தால் மட்டும் எதுவும் விற்றுவிடாது.

எக்ஸ்பெடிஷனுக்கு இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். ஒரு நாள் நான் தட்டுத் தடுமாறுவதைப் பின்னால் நின்று பார்த்த பையன், "குடும்மா" என்று கன்ட்ரோலரை வாங்கி, ஏழு அடியை வரிசையாகத் தடுத்துவிட்டுக் கையில் கொடுத்தான். அன்றிலிருந்து பங்காளி ஆட்டம். என்ன செய்வது என்று தீர்மானிப்பது நான், எதிரி அடிக்கும்போது தட்டுவது அவன். முதலில் "இன்னும் எவ்வளவு நேரம்மா யோசிப்ப?" என்று பறந்தான். இப்போது "இருமா, லூனேக்கு முதல்ல மருந்து குடு" என்கிறான். லூனே எங்கள் படையில் ஒருத்தி.

அதே கேமில் கதைக்கு வெளியே சைமன் என்று ஒரு பெரிய எதிரி இருக்கிறான், ஆடியவர்களுக்குத் தெரியும், அடித்தால் ஒரே அடி. போன ஞாயிற்றுக்கிழமை அவன் உயிரில் பாதிக்கும் மேல் குறைத்துவிட்டோம். அதற்குள் பையனுக்குப் பரீட்சை வந்துவிட்டது. வியாழக்கிழமை கணக்கு, வெள்ளிக்கிழமை அறிவியல். லேப்டாப்பை மூடி வைத்திருக்கிறேன். உள்ளே சைமன் வாளோடு நிற்கிறான். எங்கள் டர்ன்.