வைஸ் சிட்டியில் சாக்லேட் முட்டையைத் தேடி அலையாதீர்கள்

ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வைஸ் சிட்டியை மறுபடியும் விளையாடிக்கொண்டிருக்கிறேன். 2002இல் வந்த கேம். அமெரிக்காவின் மயாமியைப் பார்த்துச் செய்த கற்பனை ஊரில் டாமி என்ற ரவுடியாக நாம் சுற்றுவோம். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து விளையாடிய தலைமுறைக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அப்போது கதை யாருக்கு வேண்டும்? பான்சர் என்று சீட் கோடு தட்டினால் டாங்கி வந்து நிற்கும், அது போதும். இப்போதுதான் கதை சொல்லும் கட்சீன்களைத் தள்ளிவிடாமல், வசனங்களைக் கேட்டு, நிதானமாக விளையாடுகிறேன்.

இந்த கேமின் ரகசியங்கள் என்று யூடியூபில் தேடினால் முக்கால்வாசி வீடியோக்கள் ஒரே இடத்துக்குத்தான் கூட்டிப்போகும். டவுன்டவுனில் விசிஎன் என்ற டிவி நிறுவனக் கட்டடம். அதில் ஒரு ஜன்னலை நோக்கிக் குதித்தால் சுவரே இல்லாததுபோல் உள்ளே போய்விடலாம். அங்கே ஒரு பீடத்தின்மேல் பெரிய சாக்லேட் முட்டை, ஈஸ்டர் வாழ்த்து எழுதி வைத்திருக்கும். கேமில் ஒளித்துவைக்கும் ரகசியத்தை ஆங்கிலத்தில் ‘ஈஸ்டர் முட்டை’ என்பார்கள், அதை வைத்துத்தான் இந்த ஜோக். பார்த்தாயிற்று, சிரித்தாயிற்று, வெளியே வந்தாயிற்று. இந்த கேமிலேயே சுவாரசியம் குறைந்த ரகசியம் அதுதான் என்பேன். உண்மையான ரகசியங்களை எந்த ஜன்னலுக்குப் பின்னாலும் ஒளித்துவைக்கவில்லை. எல்லாம் கண்ணெதிரே இருந்தன. நமக்குத்தான் தெரியவில்லை, ஏனென்றால் அவை சுட்டும் சினிமாப் படங்களை நாம் பார்த்திருக்கவில்லை.

கடற்கரையோரக் குடியிருப்பு ஒன்றில் 3சி என்ற வீடு ஞாபகம் இருக்கிறதா? உள்ளே போனால் குளியலறை முழுக்க ரத்தம், கூடவே மரம் அறுக்கும் ஒரு செயின்சா. ஆயுதம் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டு ஓடியிருப்போம். 1983இல் பிரையன் டி பால்மா இயக்கிய ஸ்கார்ஃபேஸ் படத்தைப் பார்த்தவர்கள் அந்த வாசலிலேயே நின்றுவிடுவார்கள். படத்தின் மிகக் கொடூரமான காட்சி மயாமி கடற்கரையில் இப்படி ஒரு குளியலறையில்தான் நடக்கும். படத்தில் கதவுக்குப் பின்னால் நடந்ததன் மிச்சத்தை கேமில் நாம் போய்ப் பார்க்கிறோம்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. படம் தெரியாத வயதிலும் அந்த அறை என்னைப் பயமுறுத்தியது. நல்ல மறைகுறிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும். மூலம் தெரிந்தவருக்கு ஒரு கூடுதல் அடுக்கு கிடைக்க வேண்டும், தெரியாதவருக்கும் ஏதோ ஒன்று மிஞ்ச வேண்டும். முட்டை அப்படியில்லை. ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்ற சந்தோஷத்துக்குமேல் அதில் ஒன்றுமில்லை.

டாமியின் கூட்டாளி லான்ஸ் வான்ஸ் இன்னும் நல்ல உதாரணம். (கடைசி மிஷன் வரை போகாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் ஃபிலிப் மைக்கேல் தாமஸ். 1984இல் தொடங்கிய மயாமி வைஸ் டிவி தொடரில் ஹீரோ போலீஸ்காரர்கள் இருவரில் ஒருவராக நடித்தவர். அமெரிக்கர்களுக்கு அந்தக் குரல் கேட்டவுடன் ‘நம்ம ஆள், கூட நிற்பான்’ என்றுதான் தோன்றியிருக்கும். அந்த நம்பிக்கையை மூலதனமாக வைத்துக் கடைசியில் அவனையே துரோகியாக்குகிறார்கள். நமக்கும் அந்தத் துரோகம் உறைத்தது. ஆனால் தொடர் பார்த்தவர்களுக்கு எந்த அளவுக்கு வலித்திருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது. அதே தொடருக்கு இன்னொரு கும்பிடும் உண்டு. போலீஸ் நம்மைத் தேடும் அளவு மூன்று ஸ்டார் ஆனதும் சைரன் வைத்த ஸ்போர்ட்ஸ் காரில், கோட் சூட் போட்ட இரண்டு பேர் துரத்துவார்களே, அவர்கள் அந்த இரண்டு ஹீரோக்களின் சாயல்தான். வழக்கறிஞர் கென் ரோசன்பெர்க்கும் அசல் ஆள் இல்லை. அந்தச் சுருட்டை முடி, கண்ணாடி, பதற்றம் எல்லாம் கார்லிட்டோஸ் வே படத்தில் ஷான் பென் நடித்த வக்கீலிடமிருந்து வந்தவை.

அப்புறம் அந்த மாளிகை. ஸ்டார்ஃபிஷ் தீவில் போதைப்பொருள் தாதா டயஸ் இருந்து பிறகு டாமிக்கு வரும் வீடு. சிவப்புக் கம்பளம், இரண்டு பக்கமும் ஏறும் படிக்கட்டு, மேலே அலுவலக அறை, கடைசிச் சண்டை எல்லாமே ஸ்கார்ஃபேஸ். இதைத் தோண்டிப் பார்த்தபோதுதான் வேடிக்கை கூடியது. அந்தப் படத்தின் கதை மயாமியில் நடக்கிறது. ஆனால் கியூபர்களைக் கெட்டவர்களாகக் காட்டுகிறது என்று மயாமியில் கியூப சமூகத்தவர் எதிர்ப்புத் தெரிவித்ததால் படப்பிடிப்பின் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் போய்விட்டது. நாயகனின் மாளிகையாக வந்தது கலிபோர்னியாவில் மான்டெசிட்டோ என்ற ஊரில் இருக்கும் வீடு. ஆக, கலிபோர்னியா வீடு ஒன்று மயாமி வேஷம் போட்டது, அதைப் பார்த்து ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருந்த, இந்த கேமை உருவாக்கிய ராக்ஸ்டார் நார்த் குழு வைஸ் சிட்டியில் ஒரு மாளிகை கட்டியது, அதை நாம் மயாமி என்று நினைத்துக்கொண்டு ஏதோ ஒரு தெருமுனை சென்டரில் உட்கார்ந்து சுற்றினோம்.

இவர்கள் நேரடி மயாமியைப் பார்க்காமல் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. கட்டடங்களின் நிறம், ஓஷன் ட்ரைவ் ஹோட்டல்களின் நியான் விளக்கு எல்லாம் அந்த ஊரைக் கவனித்தவர்கள் செய்த வேலை. ஆனால் ஊருக்குள் நடமாடும் மனிதர்கள் சினிமாவிலிருந்து வந்தவர்கள். படங்களிலிருந்து இரவல் வாங்கும்போது அவற்றின் கோளாறும் கூடவே வந்தது. இங்கே கியூபர்களும் ஹைத்தியர்களும் கும்பல்களாக மட்டுமே இருக்கிறார்கள். ஹைத்தியர்களைக் கொல்லச் சொல்லும் ஒரு வசனத்தை எதிர்த்து 2003இல் அமெரிக்காவில் ஹைத்திய அமைப்புகள் போராடின, பிறகு அது நீக்கப்பட்டது. ‘கேம்தானே, இதற்கு ஏன் கோபம்’ என்று கேட்பவர்கள் இப்போதும் உண்டு. சினிமாவில் தன் ஊர்க்காரனை ரவுடியாகவே பார்த்துப் பார்த்துச் சலித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பதில் கிடைக்கும்.

சரி, கேமின் கிறுக்குத்தனங்களுக்கு வருவோம். நாம் ஒரு காரை எடுத்து ஓட்டத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க அதே கார் வரும், கவனித்திருக்கிறீர்களா? இந்த கேம் ஓடிய பிளேஸ்டேஷன் 2 கன்சோலின் நினைவகம் 32 எம்பி. ஒரு நேரத்தில் சில கார் மாடல்களைத்தான் அதில் வைத்திருக்க முடியும். நாம் ஓட்டுவது ஏற்கெனவே உள்ளே இருப்பதால் அதையே திரும்பத் திரும்பத் தெருவில் இறக்கிவிடும். சுற்றிலும் கடல் இருக்கிற ஊரில் டாமிக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரில் விழுந்தால் காலி. அடுத்து வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் நாயகன் சிஜே வந்துதான் நீந்தினான்.

நிலாதான் உச்சம். ஸ்னைப்பர் துப்பாக்கியை எடுத்து நிலாவைச் சுட்டால் அது பெரிதாகும் அல்லது சிறிதாகும். இதற்கு ஏதோ ஆழமான அர்த்தம் இருக்கும் என்று நண்பர்களோடு வாதாடிய காலம் உண்டு. ராக்ஸ்டார் நார்த்தில் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஓபி வெர்மேய் பல ஆண்டுகள் கழித்து காரணத்தைச் சொன்னார். இதற்கு முந்தைய கேமான ஜிடிஏ 3 தயாரான காலத்தில் நிலா எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று ஓவியர்களுக்குள் ஒத்துவரவில்லை. நிஜம்போல் இருக்கட்டும் என்றது ஒரு தரப்பு, சினிமாபோல் பெரிதாக வேண்டும் என்றது இன்னொரு தரப்பு. நீங்களே சுட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று இவர் இந்த வசதியைச் செய்து கொடுத்தார். அவர்கள் முடிவைச் சொல்லவே இல்லை. அப்படியே விட்டுவிட்டார். எந்த ஆபீசிலும் நடக்கக்கூடிய கதை! எனக்கு இது சாக்லேட் முட்டையைவிட ஆயிரம் மடங்கு மேல். வேலை செய்த மனிதர்களின் சச்சரவு அந்த நிலாவில் அப்படியே தங்கிவிட்டது.

இதனால்தான் 2021இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன்மேல் எனக்குக் கோபம். வைஸ் சிட்டியோடு ஜிடிஏ 3, சான் ஆண்ட்ரியாஸ் கேம்களையும் சேர்த்துப் புதுப்பித்தார்கள். கேமின் சுவர், பலகைகள்மேல் ஒட்டியிருந்த பழைய படங்களை ஏஐ வைத்துத் தெளிவாக்கினார்கள். அந்தத் தொகுப்பில் உள்ள சான் ஆண்ட்ரியாஸில் டஃப் நட் என்று ஒரு டோனட் கடை வரும். கடைக்கு மேலே இருப்பது டோனட் இல்லை, போல்ட்டில் முடுக்கும் ஆறு மூலை நட்டு. அதுதான் ஜோக். புதுப்பித்த பதிப்பில் அந்த நட்டின் மூலைகளை வழித்து வட்டமாக்கிவிட்டார்கள். தேய்ந்துபோன வடிவம் என்று நினைத்துச் சரிசெய்திருக்கிறார்கள் போலும். கூச்சல் எழுந்தபிறகு பேட்ச் போட்டு மாற்றினார்கள், ராக்ஸ்டார் பொதுவில் மன்னிப்பும் கேட்டது, பழைய பதிப்புகளைக் கணினிக்கு மறுபடி விற்பனைக்கு வைத்தது.

ஆகவே மறுபடி விளையாட ஆசை இருப்பவர்களுக்கு என் யோசனை: பழைய பதிப்பு எங்காவது கிடந்தால் அதையே எடுங்கள். பரணில் சிடி இருந்தால் இன்னும் நல்லது, பின்னால் வந்த பதிப்புகளில் உரிமம் முடிந்த சில பாடல்கள் ரேடியோவிலிருந்து போய்விட்டன. அதற்கு முன்னால் ஒரு ராத்திரி ஸ்கார்ஃபேஸைப் பார்த்துவிடுங்கள். கமென்ட்டில் யாராவது முட்டையின் ஸ்கிரீன்ஷாட் போட்டால் பிளாக்தான், இப்போதே சொல்லிவிட்டேன்.