குறிஞ்சிக்கு 2030, தேனீக்கு?

குறிஞ்சி பூக்கிற வருஷம் மட்டும் நம்ம ஆட்களுக்கு மலை மேல் பாசம் பொங்கும். 2006லும் அதான், 2018லும் அதான். கொடைக்கானலில் கார் நிறுத்த இடமிருக்காது, ஆளுக்கு நாலு செல்ஃபி. பூவுக்குள் தலையை விட்டிருக்கும் தேனீயை யாராவது படமெடுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. சங்கப் பாட்டில்கூடக் குறிஞ்சியோடு தேனும் சேர்ந்து வரும்.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷம் வளர்ந்து, ஆயுளில் ஒரே முறை பூத்து, விதை விட்டு, காய்ந்துபோகிற செடி. மாமரம் மாதிரி இந்த வருஷம் காய்ப்பு போனால் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்ற கதையெல்லாம் அதற்குக் கிடையாது. அந்த ஒரு பருவத்தில் மகரந்தம் மாற்றும் வேலையில் பெரும்பங்கு, பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீயுடையது. மணி போன்ற பூவுக்குள் புகுந்து, பின்னாலேயே நகர்ந்து வெளியே வரும்போது உடம்பெல்லாம் தூள் அப்பியிருக்கும். உதறிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் அடுத்த பூவுக்கு ஓடும். மழை பிடித்துக்கொண்டால் கூட்டை விட்டு வராது. 2018 ஆகஸ்டில் கேரளப் பெருவெள்ளம் வந்ததே, மூணாறில் குறிஞ்சிப் பருவமும் அந்த மழையில்தான் மாட்டியது.

வேலைக்காரத் தேனீயின் ஆயுள் சில வாரம்தான். செப்டம்பரில் குறிஞ்சியில் உழைப்பது அந்த ஜூலை, ஆகஸ்டில் பிறந்த தேனீ. அப்படியானால் அதன் கூட்டம் நடுவில் பதினோரு வருஷம் எதைத் தின்று தாக்குப்பிடித்தது? புல்வெளியில் பூக்கும் காசித்தும்பை வகைகள், சோலையோரத்து நாவல் இனங்கள், யாரும் டூர் போட்டுப் பார்க்கப் போகாத இன்னும் எத்தனையோ குட்டிப் பூக்கள்.

அந்தப் புல்வெளிதான் போய்க்கொண்டிருக்கிறது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018இல் வந்த ஆய்வு சொல்கிறது. வெள்ளைக்காரன் அதைத் தரிசு என்று எழுதி வைத்துவிட்டுப் போனான். நாமும் அதை நம்பி சீகை (வாட்டில் மரம்), பைன், கற்பூர மரம் (யூகலிப்டஸ்) என்று நட்டுத் தள்ளினோம். கற்பூர மரத்திலும்தான் தேன் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. அது பூக்காத மாதங்களில் தேனீ எங்கே போகும்? அடர்ந்த சீகைக் காட்டு நிழலில் குறிஞ்சியும் தழைக்காது.

2024இல் நீலக்குறிஞ்சியை உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என்.னின் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்பு இனமாகச் சேர்த்தார்கள். உடனே மலையைக் காப்போம் என்று மரக்கன்றும் கையுமாகக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல். ஐயா சாமி, புல்வெளியில் மரம் நடாதீர்கள்! ஏற்கெனவே நட்ட சீகையை எடுப்பதே பெரும்பாடு. வெட்டினாலும் மண்ணுக்குள் கிடக்கும் விதை வருஷக்கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வருஷமும் ஆள் வைத்துக் கன்று கன்றாகப் பிடுங்க வேண்டும். ரிப்பன் வெட்டித் திறக்க முடியாத வேலை, அதனால் நிதி கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

2030இல் எத்தனை ஹெக்டேரில் பூத்தது என்று செய்தி வரும். எத்தனை செடியில் விதை பிடித்தது என்று எவராவது கூடவே எண்ணிச் சொன்னால், நான் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.